வசந்தகுமாரி பிடித்த நிழல்

என் அக்கா வசந்தகுமாரியின் கேமராவுக்கு முன்னால் போர்ட் பிளேரில் யாரும் தலை குனிந்து கல்யாணம் செய்துகொண்டது கிடையாது. "தம்பி, நிமிந்து நில்லுங்க. கல்யாணம் உங்களுக்குத்தான்" என்று மணமேடையிலேயே மாப்பிள்ளையை அதட்டுவாள். மாப்பிள்ளை பெங்காலியாக இருந்தால் அதே அதட்டல் ஹிந்தியில் விழும். பெண் வீட்டார் முகம் சுளிப்பார்கள். பிறகு வீடியோ கைக்கு வந்ததும், அடுத்த பெண்ணின் கல்யாணத்துக்கும் அவளையே கூப்பிடுவார்கள்.

அபர்டீன் பஜாரில் எங்களுக்கு ஒரே கடை, இரண்டு தொழில். முன்பாதி 'வசந்தா வீடியோ'. பின்பாதி 'நாகராஜ் மைக் செட்', அதாவது நான். முன்பாதி எப்படி அவளுக்குப் போனது என்று கேட்காதீர்கள். பேசிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

நாங்கள் போர்ட் பிளேருக்கு வெகு தெற்கே இருக்கும் கச்சால் தீவில் பிறந்தவர்கள். இலங்கை மலைத்தோட்டங்களிலிருந்து வந்தவர்களை அங்கே ரப்பர்த் தோட்டத்தில் குடியேற்றியபோது எங்கள் அப்பா முருகையாவும் வந்தார். பால் வெட்டும் வேலை. அம்மா எனக்கு நினைவு தெரிவதற்குள் போய்விட்டாள். சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, தரை ஆடி அடங்கியதும் நான் கடலை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். மேட்டுக்குப் போய்ச் சேரும்வரை விடவில்லை. அன்று அந்தக் கை இல்லையென்றால் இன்று இதை எழுத நான் இல்லை. அப்பா கரைப்பக்கம் போயிருந்தார். திரும்பவில்லை. அவருடைய ஒரு போட்டோகூட எங்களுக்கு மிஞ்சவில்லை.

அதனால்தான் அக்கா கேமராவை எடுத்தாள் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். உண்மை வேறு. கப்பலில் எங்களைக் கொண்டுவந்து போர்ட் பிளேர் முகாமில் விட்டிருந்தார்கள். ஒரு ஸ்டுடியோக்காரருக்குக் கல்யாணத்தில் லைட் பிடிக்க ஆள் தேவைப்பட்டது. அக்கா போனாள். மூன்றாவது கல்யாணத்தில் கேமராக்காரரைப் பார்த்து, "நீங்க லைட்டப் புடிங்க, நான் எடுக்கிறேன்" என்றிருக்கிறாள். அவரும் கொடுத்துவிட்டார். அவள் கேட்கும் விதம் அப்படி.

இப்படியே பன்னிரண்டு வருஷம் ஓடியது. 2017 டிசம்பரில் மங்கையர்க்கரசி மேடம் மெயின்லேண்டிலிருந்து இரண்டு டெலஸ்கோப்புகளோடு வந்து இறங்கினார். வானத்தை ஆராய்ச்சி செய்பவர். அவருக்குத் துணையாக வரவேண்டியவர் ஏறிய விமானம் எங்கள் ஊருக்கு மேலே வந்து, மழையில் இறங்க முடியாமல், சென்னைக்கே திரும்பிப் போய்விட்டது. அந்த ஆளும் காய்ச்சலில் படுத்துவிட்டார். "கேமராவ ஓடவிட்டுட்டுப் பதறாம உக்காந்திருக்க ஒரு ஆள் வேணும்" என்று மேடம் லாட்ஜில் கேட்டிருக்கிறார். லாட்ஜ்காரர் எங்கள் கடையைக் காட்டிவிட்டார். பதறாத ஆள் என்று என் அக்காவைச் சிபாரிசு செய்த அந்த மகானை நேரில் பார்த்து ஒரு கும்பிடு போட எனக்கு இன்னும் ஆசை.

மேடம் கடை ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே சொன்னார். நெப்டியூனுக்கும் வெகு தூரம் தள்ளி, பனிக்கட்டியும் கல்லும் கலந்த இரண்டு உருண்டைகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு, அப்படியே சூரியனையும் சுற்றுகின்றன. சூரியனை ஒரு சுற்று வர முந்நூறு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. தங்களுக்குள் ஒரு சுற்று முடிக்க ஏறக்குறைய இரண்டு மாதம். இரண்டுக்கும் நடுவே ஐயாயிரம் கிலோமீட்டர் இடைவெளி. அதன் பெயர் கப்பல் டிக்கெட் நம்பர் மாதிரி எண்ணும் எழுத்துமாக இருந்தது. நாங்கள் பெரியது, சின்னது என்று வைத்துக்கொண்டோம்.

"பொண்ணும் மாப்பிள்ளையும் அக்கினியச் சுத்துற மாதிரியா மேடம்?" என்று அக்கா கேட்டாள்.

"கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனா நடுவுல அக்கினி கிடையாது. வெறும் இடம். அதைத்தான் ரெண்டும் சுத்துது."

"அதுவும் பார்த்திருக்கேன்" என்றாள் அக்கா. யார் வீட்டுக் கல்யாணம் என்று நான் கேட்கவில்லை.

எவ்வளவு தூரத்தில், எத்தனை நாளில் ஒன்றையொன்று சுற்றுகின்றன என்பது தெரிந்தால் இரண்டின் மொத்த எடையும் கணக்கில் வந்துவிடுமாம். வந்துவிட்டது. பெரியதின் அளவும் முன்பே கிடைத்துவிட்டது. சின்னதின் அளவுதான் தெரியவில்லை. எந்த டெலஸ்கோப்பில் பார்த்தாலும் அது ஒரு புள்ளி. ஆனால் அந்தப் புள்ளி ஏதாவது ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே போனால் நட்சத்திரம் சில நொடி மறையும். மறைந்த நேரமும் திரும்பி வந்த நேரமும் கையில் இருந்தால், குறுக்களவைச் சொல்லிவிடலாம். அளவு தெரிந்தால், எடையை வைத்து, அது எதனால் ஆனது, இறுகியதா லேசானதா என்பதும் தெரியும். நட்சத்திர வெளிச்சத்தில் விழும் அந்தச் சின்னதின் நிழல் வருகிற இருபதாம் தேதி எங்கள் தீவுகளைக் கடக்கப் போகிறது.

"எத்தனை மணிக்கு?" என்று நான் கேட்டேன்.

"சாயங்காலம் ஆறேகால்."

"மெயின்லேண்டுல அப்ப முழுசா இருட்டியிருக்காதே."

"அதனாலதான் இங்க வந்தேன்" என்றார் மேடம்.

மெயின்லேண்டுக்கும் எங்களுக்கும் கடிகாரம் ஒன்று, சூரியன் வேறு. டிசம்பரில் எங்களுக்கு ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். சென்னையில் மாலை டிபன் சாப்பிடும் நேரத்தில் நாங்கள் கொசுவத்தி ஏற்றிவிடுவோம். இதைப் பற்றிப் புலம்பாத தீவுக்காரர் கிடையாது. முதல் தடவையாக அதனால் ஒரு பிரயோஜனம் வந்தது. பெரியதின் நிழல் எங்கோ தெற்கே நடுக்கடலில் விழும்; அங்கே மீனைத் தவிர யாரும் இல்லை. சின்னதின் நிழல் எங்களைத் தாண்டி மெயின்லேண்ட் போகும்போது அங்கே வானம் வெளுத்துக் கிடக்கும். அதன் வழியில் இருட்டிய தரை என்று இருந்தது எங்கள் தீவுகள் மட்டும்தான். மறுபடி இப்படி எப்போது வரும் என்று அக்கா கேட்டாள். "என் சர்வீஸ்ல வராது" என்றார் மேடம்.

மேகத்தை நம்ப முடியாது என்பதால் இரண்டு இடம். மேடம் ஒரு டெலஸ்கோப்போடு வடக்கே மாயாபந்தர் போவார். இன்னொன்றோடு அக்கா டெய்ரி ஃபார்ம் பகுதியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் உட்காருவாள். டெலஸ்கோப்பின் பின்னால் கேமரா, கேமராவிலிருந்து வயர், வயரின் முனையில் மானிட்டர். நேரத்தைச் செயற்கைக்கோளிலிருந்து வாங்கி ஒவ்வொரு படத்தின் மேலும் பொறிக்க ஒரு பெட்டி. அக்கா எல்லாவற்றையும் ஒரே மாலையில் கற்றுக்கொண்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது. முதல் ஒத்திகை வரைக்கும்.

ஒத்திகையில் மானிட்டரில் நட்சத்திரம் அரிசி நொய் அளவுக்கு வெள்ளையாகத் தெரிந்தது. ஒரு மேகம் வந்து மூடியது. திரை இருட்டானது. இருட்டானதுதான் தாமதம், அக்காவின் வலது கை பாய்ந்து போய் வயரைப் பிடித்து இழுத்தது. எங்கள் ஊர்க் கல்யாண மண்டபங்களில் கரண்ட் போகாத முகூர்த்தம் இல்லை. திரை அணைந்தால் வயரைப் பிடுங்கி இன்வர்ட்டரில் செருகவேண்டும், அதற்குள் தாலி ஏறிவிடக் கூடாது. பன்னிரண்டு வருஷமாக அந்தக் கை அதைச் செய்து செய்து, இப்போது அவளைக் கேட்பதே இல்லை. டெலஸ்கோப் ஆடியது. நட்சத்திரம் திரையிலிருந்தே தொலைந்தது. மறுபடி தேடிப் பிடிக்க அரை மணி ஆயிற்று.

மறுநாள் ஒத்திகையிலும் அதே மேகம், அதே கை.

மேடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "வசந்தா, அன்னைக்கு அந்த நட்சத்திரம் மறையத்தான் போகுது. மறையறதுக்காகத்தான் நாம உக்காந்திருக்கோம். அந்த நேரத்துல கை போச்சுன்னா, அது திரும்பி வர்றது நமக்குக் கிடைக்காது. மறைஞ்சது மட்டும் வெச்சு எதையும் அளக்க முடியாது" என்றார். பிறகு, வேண்டுமானால் காலேஜில் யாராவது வாத்தியாரைக் கேட்டுப் பார்க்கலாமா என்று மெதுவாக இழுத்தார்.

"என் கைய நான் பார்த்துக்கிறேன் மேடம். ஆள மாத்தாதீங்க" என்றாள் அக்கா. அவள் யாரிடமும் இப்படிக் கெஞ்சி நான் கேட்டதில்லை.

மேடம் போன பிறகு மாடியில் அவளும் நானும் மட்டும் இருந்தோம். "அப்பா போனத யாரும் பாக்கலடா நாகு" என்றாள். "எங்க, எப்ப, ஒண்ணும் தெரியாது. போனாருன்னு மட்டும்தான் தெரியும். ஒண்ணு மறையறதையும் திரும்பி வர்றதையும் முழுசா ஒரு தடவ நான் புடிக்கணும். இது தப்பிச்சதுன்னா என்னால தாங்க முடியாது."

"கையக் கட்டிப் போட்டுக்க."

"கட்டுனா அறுத்துக்கிட்டுப் போகும். நீ புடிச்சுக்க."

இருபதாம் தேதி மத்தியானம் வரைக்கும் மழை அடித்தது. நான்கு மணிக்கு வானம் வெளிவாங்கியது. ஜெனரேட்டர் போட்டால் மாடி அதிரும் என்று என் மைக் செட் பேட்டரிகளை வரிசையாக அடுக்கி வைத்தேன். அடுத்து தெரு வெளிச்சம். சுற்றிலும் ட்யூப்லைட், வாசல் பல்பு. ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்ல நேரமில்லை. நான் மைக் செட்காரன். மைக்கை எடுத்தேன். "அரை மணி நேரத்துக்கு எல்லாரும் லைட்ட அணைச்சிடுங்க. பத்தி பந்த் கரோ, சப் லோக்" என்று தமிழிலும் ஹிந்தியிலும் இரண்டு தடவை அறிவித்தேன்.

மெயின்லேண்டில் இப்படி அறிவித்தால் லைட்டை அணைப்பார்கள், அல்லது அணைக்கமாட்டார்கள். எங்கள் தீவில் டிசம்பர் மாதத்தில், இருட்டிய பிறகு, ஒலிபெருக்கியில் அவசரமாக ஒரு குரல் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கதவுகள் திறந்தன. வருஷக்கணக்காக வாசலோரம் தயாராக வைத்திருந்த பைகளோடு தெருவே வெளியே வந்தது. பெங்காலிக் குடும்பம் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு மேட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டது. நான் மாடியிலிருந்து தலைதெறிக்க இறங்கி ஓடி, "அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல, பானி நஹி ஆயா, தண்ணி வரல, நட்சத்திரம்" என்று கத்தினேன். நட்சத்திரம் என்றதும் சிலர் என்னை இன்னும் பயத்தோடு பார்த்தார்கள்.

கோடி வீட்டு அழகர்சாமி அண்ணன் ஒரு கையில் பையும் மறுகையில் ரேடியோவுமாக வந்து நின்றார். "நாகராஜு, இன்னொரு தடவ மைக்கத் தொட்ட, கைய ஒடச்சிருவேன்" என்றார். பிறகு மாடியை நிமிர்ந்து பார்த்தார். "வசந்தா என்ன பண்ணுது அங்க?"

சொன்னேன். முழுக்கப் புரிந்ததோ என்னவோ, பையைக் கீழே வைத்தார். "அப்ப யாரும் மாடி ஏறாதீங்க. சத்தம் போடாதீங்க. அது முடிக்கட்டும்" என்று தெருவுக்கே உத்தரவு போட்டார். வெளியே வந்துவிட்டோம், அதையும்தான் பார்த்துவிட்டுப் போவோமே என்று எல்லோரும் இருட்டில் நின்றார்கள். எப்படியோ லைட் எல்லாம் அணைந்திருந்தது.

ஆறு மணிக்கு மேடத்தின் போன் வந்தது. பின்னால் தகரக் கூரையில் மழை அடிக்கும் சத்தம். "இங்க கொட்டுது வசந்தா. இனிமே நிக்காது. நீங்கதான்" என்றார். அவ்வளவுதான், லைன் போய்விட்டது.

அக்கா மானிட்டருக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் அவளுக்கு எதிரே தரையில் மண்டியிட்டு இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். திரை எனக்கு முதுகுப்பக்கம். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் முகமும் அதன்மேல் விழுந்த சாம்பல் வெளிச்சமும்தான். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. கீழே ஒரு குழந்தை ஏதோ கேட்டது, அதன் அம்மா அதட்டினாள். அப்புறம் சத்தமே இல்லை.

அந்தக் கைகள் துள்ளியபோதுதான் எனக்குத் தெரிந்தது. வலையில் விழுந்த சூரை மீன்கூட அப்படித் துள்ளாது. அக்காவின் கண் திரையை விட்டு நகரவில்லை, வாய் அசையவில்லை, ஆனால் இரண்டு கையும் என் பிடியிலிருந்து பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தன. நான் முழு பலத்தையும் போட்டுப் பிடித்தேன். கச்சாலில் இந்தக் கை என்னை விடாமல் பிடித்தது. இப்போது என் முறை என்று நினைத்துக்கொண்டேன். இல்லை, அப்போது எதுவும் நினைக்கவில்லை. விடாதே என்று மட்டும்தான் மனசு அடித்துக்கொண்டது. அவள் நகம் என் உள்ளங்கையில் இறங்கியது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு முழுப் பாட்டு போட்டு முடிக்கிற நேரம் போல இருந்தது.

திடீரென்று கைகள் தளர்ந்தன.

"வந்திருச்சு" என்றாள் அக்கா. சாதாரணமாகத்தான் சொன்னாள். ரேஷன் கடையில் அரிசி வந்துவிட்டது என்று சொல்வதுபோல.

நான் மாடிச் சுவருக்கு வந்து கீழே பார்த்து, "கிடைச்சிருச்சு" என்றேன். யாரோ முதலில் கை தட்டினார்கள். பிறகு தெரு முழுக்கத் தட்டியது. பெங்காலி அண்ணி குலவை போட்டாள். எதற்குத் தட்டுகிறோம் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. சுனாமி என்று பயந்து வெளியே வந்தவர்களுக்கு, எதுவும் பறிபோகாமல் ஏதோ ஒன்று கிடைத்திருக்கிறது. அது போதாதா?

மறுநாள் மாயாபந்தரிலிருந்து மேடம் நேராகக் கடைக்கு வந்தார். வழியெல்லாம் பஸ்ஸில் குலுங்கிவந்த களைப்பு. உட்காரக்கூட இல்லாமல் வீடியோவைப் போடச் சொன்னார். நொய்யளவு நட்சத்திரம் நின்றுகொண்டிருந்தது. இல்லாமல் போனது. பக்கத்திலிருந்த மற்ற நட்சத்திரங்கள் அப்படியே இருந்தன, ஆகவே மேகம் இல்லை. பதினோரு நொடி வெறும் இருட்டு. திரும்ப வந்தது. படம் இம்மியும் அசையவில்லை. மேடம் நான்கு தடவை போட்டுப் பார்த்தார். ஐந்தாவது தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"நீங்க கேமராவத் தொடவே இல்லையா?"

"தொட விடல" என்று அக்கா என்னைக் காட்டினாள். என் கையில் இருந்த நகக்காயத்தை நான் மேடத்திடம் பெருமையாக நீட்டினேன்.

வீடியோவை மேடமே கையோடு கொண்டுபோனார். எங்கள் ஊர் இன்டர்நெட்டில் அனுப்பியிருந்தால், அது போய்ச் சேர்வதற்குள் சின்னது சூரியனை ஒரு சுற்று வந்திருக்கும். கணக்குப் பார்க்க நாளாகும் என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. போன் அடித்தால் மட்டும் என்னை முந்திக்கொண்டு எடுத்தாள்.

தை பிறந்து, முகூர்த்தங்கள் ஆரம்பித்தன. மரைன் ஹில் பக்கம் ஒரு ரிசப்ஷன். நான் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தேன், அக்கா மேடைக்கு லைட் பார்த்துக்கொண்டிருந்தாள். மேடத்தின் போன். நானும் கேட்பதற்காக அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"சின்னது, குறைஞ்சது நூத்தி நாப்பது கிலோமீட்டர் குறுக்களவு வசந்தா. நிழல்ல உங்க மாடி மேல போன கோடு அவ்வளவு நீளம், அது நடுவுலயா ஓரத்துலயான்னு தெரியாது. அதைவிடப் பெரிசா வேணா இருக்கலாம், சின்னதா இருக்க முடியாது. எடை ஏற்கனவே தெரியும் இல்லையா, இப்ப அளவும் வந்தாச்சு. போட்டுப் பார்த்தா ரெண்டும் நாங்க நினைச்சதைவிட ரொம்ப லேசு. உள்ள இறுக்கமே இல்ல. பாதிக்கு மேல வெற்றிடமா இருக்கலாம்."

"லேசுன்னா எவ்வளவு லேசு?" என்று அக்கா கேட்டாள்.

"தண்ணிய விட லேசு."

அக்கா கையிலிருந்த லைட்டைக் கீழே வைத்தாள். மண்டபத்தில் யாரோ நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப தண்ணியில போட்டா மேடம்?"

"மிதக்கும். அவ்வளவு பெரிய தண்ணி எங்கயாவது இருந்தா."

"கடல்லயும்?"

"கடல்ல இன்னும் நல்லா மிதக்கும். உப்புத் தண்ணி இல்லையா. முழுகவே முழுகாது" என்று மேடம் சிரித்தார். அவருக்கு அது ஒரு வேடிக்கையான கணக்கு. கட்டுரை தயாராகிறது என்றும், யார் எங்கிருந்து எடுத்தது என்ற இடத்தில் வசந்தகுமாரி, டெய்ரி ஃபார்ம், போர்ட் பிளேர் என்று வரும் என்றும் சொன்னார். வேறு என்னவோகூடச் சொன்னார். அக்கா எல்லாவற்றுக்கும் "சரிங்க மேடம்" என்றாள்.

போனை வைத்த பிறகு அவள் அழுதாள். மேக்கப் போட்டுக்கொண்டு வந்த கல்யாண வீட்டுப் பெண்கள் பார்க்கிறார்களே என்று கூச்சப்படாமல், நின்ற இடத்திலேயே, வாய்விட்டு அழுதாள். சுனாமிக்குப் பிறகு அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. முகாமிலும் இல்லை, காணாமற்போனவர்கள் பட்டியலில் அப்பா பெயரைப் படித்தபோதும் இல்லை. நானும் அழுதேன். ஆனால் அது துக்கம் இல்லை, எனக்கு நன்றாகத் தெரியும். நெஞ்சு அப்படி நிறைந்திருந்தது.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"கடலால முழுங்க முடியாத ஒண்ணு இருக்குடா நாகு" என்றாள். "நான் அளந்திருக்கேன்."

பிறகு மண்டபத்துக்கே சொல்லவேண்டும் என்று மைக்கைக் கேட்டாள். கொடுத்தேன்.